வாசல் கணக்கு: ஒரு வீட்டின் 1,914 பொருள்கள்

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. போகிக்கு ஆறு நாள் இருந்தது. மதுரையில் 800 சதுர அடி வாடகை வீடு. அம்மா, கணவர், மகள், நான் என நால்வர். பழையதைக் கழிப்பதற்கு முன் இருப்பதை எண்ணிவிடுவது என்று முடிவு செய்து காலை 7 மணிக்குத் தொடங்கினோம். அரிசி, பருப்பு, சோப்பு போன்ற தீர்ந்துபோகும் பொருள்களைச் சேர்க்கவில்லை. ஒரு ஜோடி செருப்பு ஒன்று. குக்கரும் அதன் மூடியும் ஒன்று. இரவு 8 மணிக்குக் கிடைத்த மொத்தம் 1,914. தலைக்கு 478.5 பொருள், சதுர அடிக்கு 2.39.

வகை பிரித்தால் சமையலறை 512, துணிமணி 466, புத்தகமும் காகிதக் கோப்பும் 388, மின்பொருளும் ஒயரும் 97, படுக்கை விரிப்பு 61, மற்றவை 390. அதே விதிகளின்படி 2024 ஜனவரி 7 அன்று எண்ணியபோது 1,383; 2025 ஜனவரி 12 அன்று 1,222. இரண்டாண்டில் 692 பொருள், அதாவது 36.2 சதவீதம், குறைந்தது. எங்கே குறைந்தது, எதனால் குறைந்தது, அதனால் கையில் நின்றது எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கணக்கு.

ஒப்பிட ஓர் எண் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை ஆராய்ந்து, 2012-ல் நூலாக வெளியிட்டார்கள். முதலில் கணக்கெடுத்த வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம் ஆகிய மூன்று அறைகளில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த பொருள்கள் 2,260. அலமாரிக்குள்ளும் இழுப்பறைக்குள்ளும் இருந்தவை அதில் சேரவில்லை. எங்கள் 1,914 முழு வீட்டுக்கும், மூடிய இழுப்பறைகளையும் சேர்த்து. அந்த அளவுகோலில் எங்கள் வீடு எளிமையானது. ஆனால் அந்த அளவுகோல் 75 சதவீத வீடுகளில் கார் கொட்டகையில் சாமான் அடைத்துக் காரை வெளியே நிறுத்தும் ஊருக்கானது. எங்களுக்கு அது பொருந்தாது.

உள்நாட்டு அளவுகோல் தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவுக் கணக்கு. 1999-2000-ல் நகர்ப்புற இந்தியர் ஒருவரின் மாதச் செலவில் உணவு அல்லாதவற்றின் பங்கு 51.94 சதவீதம், 2023-24-ல் 60.32 சதவீதம். 2023-24-ல் நகர்ப்புறத் தலா மாதச் செலவு ரூ.6,996, அதில் நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு 6.87 சதவீதம், அதாவது ரூ.481. நால்வர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.23,000. இந்தத் தொகையில் வருவது ஆண்டு முடிந்ததும் வீட்டை விட்டுப் போவதில்லை. அடுத்த ஆண்டின் ரூ.23,000 அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இருப்பு

சமையலறையின் 512-ல் என்னை நிறுத்திய எண் 64. அத்தனையும் எவர்சில்வர் டம்ளர், தலைக்கு 16. பரணிலிருந்து இறக்கித் தரையில் எட்டு வரிசையாக அடுக்கியபோது அடிப்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. 41 டம்ளர்களில், அதாவது 64 சதவீதத்தில், பிறர் வீட்டு விசேஷங்களின் பெயரும் தேதியும் பொறிக்கப்பட்டிருந்தன. மிகப் பழையது 1987-ல் நடந்த ஒரு காதணி விழாவினுடையது. 64-ல் நாங்கள் கடையில் வாங்கியவை 12 மட்டுமே என்று அம்மா சொன்னார். விருந்தினர் வருகையைச் சேர்த்து ஒரு மாதம் குறித்ததில், ஒரே நாளில் அதிகபட்சம் புழங்கியவை 19. ஐந்து உபரியாக வைத்து 24-ஐ நிறுத்திக்கொண்டோம். 40 டம்ளர் தெருக்கோடிக் கோயிலின் அன்னதானக் கூடத்துக்குப் போயிற்று. அங்கே அவை வாரத்தில் இரண்டு நாள் புழங்குகின்றன.

துணிக்கு வேறு முறை. ஹேங்கர்களை எல்லாம் கொக்கி வெளிநோக்கி இருக்கும்படி திருப்பி மாட்டினோம். மடித்தவற்றில் ஒரு நூல் கட்டினோம். உடுத்தித் துவைத்து வந்த துணியின் கொக்கி உள்நோக்கி மாறும், நூல் போய்விடும். ஆறு மாதம் கழித்து எண்ணியபோது 466-ல் ஒரு முறையேனும் உடுத்தியவை 178. அது 38.2 சதவீதம். மீதி 288 துணி ஆறு மாதமும் இருந்த இடத்தில் இருந்தது. பட்டு, கம்பளி, விசேஷ உடை என்று நியாயமான காரணம் உள்ளவற்றைக் கழித்தாலும் 190-க்குக் குறையவில்லை. 2025 ஜனவரியில் துணி 289, தலைக்கு 72.

விலையை உடுத்திய தடவையால் வகுத்தால் மலிவு எது என்பது மாறிவிடும். 2011-ல் ரூ.18,000-க்கு எடுத்த என் பட்டுச் சேலையை 12 ஆண்டில் 6 முறை உடுத்தியிருக்கிறேன். ஒரு தடவைக்கு ரூ.3,000. அம்மாவின் சுங்குடிச் சேலை ரூ.900. வாரம் ஒரு முறை என மூன்றாண்டு, 156 முறை, தடவைக்கு ரூ.5.77. சாயம் மங்கியபின் அது இரண்டாகக் கிழிக்கப்பட்டு மாவு சலிக்கும்போது விரிக்கும் துணியாயிற்று. பிறகு அடுப்பு மேடைக் கைப்பிடித் துணி. கடைசியாகத் தரை துடைக்கும் துணி. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிறப்புக்கு நிகராக நான் மதிப்பது அதன் நான்கு பிறவிகளை. பட்டை விற்கவில்லை. அதன் பிறகு புதிய பட்டு எடுக்கவும் இல்லை.

துணியின் விலையில் சேராத செலவும் உண்டு. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கான நீர், பருத்தி விளைவது முதல் சாயம் ஏறுவது வரை, உலகச் சராசரியாக 2,700 லிட்டர் என்று உலக வனவுயிர் நிதியம் சொல்கிறது. இதில் மழைநீரும் அடக்கம் என்பதால் நேரடியாகக் குழாய் நீரோடு சமன் செய்ய முடியாது. அளவு புரிவதற்காக மட்டும்: ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வைத்துள்ள இலக்கு 55 லிட்டர்; 2,700 லிட்டர் என்பது அந்தக் கணக்கில் 49 நாள் நீர். இதன் சாயப் பகுதி நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சுமார் 700 சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை முழுதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு வந்தபின்பே தொழில் மீண்டது. உடுத்தாமல் தொங்கும் 190 துணிக்கும் அந்த நீர் செலவாகியே இருக்கிறது.

மின்பொருள் 97-ல் 43 ஒயரும் சார்ஜரும். அவற்றில் 19 வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கும் பொருந்தவில்லை. செத்துப்போன கைபேசி 5. கழித்தவற்றைத் தராசில் வைத்தபோது 11.6 கிலோ, நான்கு பேருக்குப் பல ஆண்டுச் சேமிப்பு. 2022-ல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், தலைக்கு 7.8 கிலோ, அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. எங்கள் 11.6 கிலோ அதிகாரப்பூர்வச் சேகரிப்பு மையத்துக்குப் போயிற்று. ஒயர் சிக்கலைப் பிரிக்க ஆன நேரம் 1 மணி 20 நிமிடம். இப்போது ஒவ்வொரு சார்ஜரிலும் கருவியின் பெயர் எழுதிய துண்டு ஒட்டியிருக்கிறது. பெயர் எழுத முடியாத சார்ஜர் வீட்டில் தங்குவதில்லை.

இடத்துக்கும் விலை போடலாம். 800 சதுர அடிக்கு மாத வாடகை ரூ.12,000, சதுர அடிக்கு ரூ.15. ஓர் இரும்பு பீரோ தரையில் பிடிப்பது 3 அடிக்கு 1.5 அடி, 4.5 சதுர அடி. கதவு திறக்க முன்னால் இன்னொரு 4.5. ஆக 9 சதுர அடி, மாதம் ரூ.135, ஆண்டுக்கு ரூ.1,620. மூன்று பீரோவில் ஒன்று முழுக்க உடுத்தாத துணியும் பழைய கோப்பும். அந்தத் துணிகளுக்கு நாங்கள் ஆண்டுதோறும் ரூ.1,620 வாடகை கொடுத்துவந்தோம். பீரோவை விற்றதால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கப்போவதில்லை. ஆகவே இதை வரவில் எழுதவில்லை. அந்த 9 சதுர அடியில் இப்போது மகளின் படிப்பு மேசை இருக்கிறது.

போக்கு

இரண்டாண்டில் வெளியே போனவை 941. கொடுத்தவை 417, விற்றவை 318, மறுசுழற்சிக்கோ குப்பைக்கோ போனவை 206. விற்ற 318-க்கும் கிடைத்தது ரூ.9,480, பீரோவும் ஃப்ரிட்ஜும் சேர்ந்த தொகை இது. சராசரி ரூ.29.81. ரசீது கைவசம் இருந்த 52 பொருள்களுக்கு மட்டும் வாங்கிய விலை தெரிந்தது: ரூ.61,200. அவற்றின் விற்பனை விலை ரூ.5,140, அதாவது 8.4 சதவீதம். ரூபாய்க்கு 92 காசு பொருளோடு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து மெல்லக் கரைந்துவிட்டது. கழிப்பதால் அந்தப் பணம் திரும்புவதில்லை. ‘கழித்தால் இலாபம்’ என்ற எண்ணம் எங்களுக்கு இங்கே முடிந்தது.

அன்னதானம், பள்ளி, தெரிந்த குடும்பங்கள் என்று போன 417-க்கு ஒரு விதி வைத்தோம்: கேட்டுக் கொடுப்பது. முதல் மாதம் கேட்காமல் ஒரு காப்பகத்துக்கு அனுப்பிய 38 துணியில் 21, அளவு பொருந்தாமலோ கிழிசலாலோ திரும்பி வந்தன. 55 சதவீதம். நம் வீட்டின் சுமையை இன்னொரு வாசலில் இறக்கிவைப்பது கொடை ஆகாது. அதன்பின், தேவை என்ன, எந்த அளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு கொடுத்த எதுவும் திரும்பவில்லை.

வரவு

கணக்கைத் திருப்பிய எண் இது: முதலாண்டில் வெளியே போனவை 702, அதே ஆண்டில் உள்ளே வந்தவை 171. குறைக்க வேண்டும் என்று நால்வரும் பேசி முடிவெடுத்த ஆண்டில், இரண்டு நாளுக்கு ஒரு பொருள் என்ற வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. இதைக் காட்டிக்கொடுத்தது வாசல் பக்க ஆணியில் தொங்கிய 40 பக்க நோட்டு. தேதி, பொருள், எப்படி வந்தது, விலை என்று நான்கு கட்டம். அந்த நோட்டு இல்லாவிட்டால், அந்த ஆண்டு வாங்கியது முப்பது நாற்பதுக்கு மேல் இராது என்று நானே சத்தியம் செய்திருப்பேன்.

171-ஐப் பிரித்ததும் இன்னொன்று தெரிந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கியவை 74. விசேஷ வீடுகளில் கிடைத்தவை 58. வாங்கிய பொருளோடு இலவசமாக வந்தவையும், நன்றாக இருக்கிறதே என்று எடுத்துவைத்த டப்பாக்களும் 39. ஆக 97 பொருள், 56.7 சதவீதம், நாங்கள் கேட்காமலும் காசு கொடுக்காமலும் வந்தவை. வாங்குவதை மட்டும் கட்டுப்படுத்தும் வீடு வரவில் பாதியைக்கூடக் கட்டுப்படுத்தவில்லை.

இரண்டாமாண்டில் இதற்கு மூன்று வழக்கம். டப்பா: பத்து இருக்கலாம், பதினொன்று கூடாது. இலவசப் பொருள்: கடையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவது. தாம்பூலப் பை: மறுப்பது மரியாதை அன்று, வாங்கி வந்து, ஏழு நாளில் புழக்கத்துக்கு வராவிட்டால் தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுவது. நாங்கள் கொடுக்கும் பக்கத்தையும் மாற்றினோம். 2024 ஆவணியில் அம்மாவின் 70-ஆம் பிறந்தநாளுக்கு வந்த 120 பேருக்கும் மஞ்சப்பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம். பிளாஸ்டிக் டப்பா இல்லை. இன்னும் 120 வீட்டு நோட்டில் ஒரு வரி குறைந்தது. அந்த ஆண்டு எங்கள் நோட்டில் விசேஷப் பொருள் 58-லிருந்து 26-ஆகவும், இலவசம் 39-லிருந்து 11-ஆகவும் இறங்கின.

வாங்குவதற்கு 30 நாள் விதி. வேண்டும் என்று தோன்றிய பொருளையும் விலையையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி 30 நாள் காத்திருப்பது. மருந்து, பள்ளித் தேவை, உடைந்த அடுப்பு போன்றவற்றுக்கு விலக்கு. இரண்டாமாண்டில் எழுதியவை 96. நாள் முடிந்து வாங்கியவை 38. அடித்துவிட்டவை 58, அதாவது 60.4 சதவீதம். பண அளவில், எழுதியது ரூ.1,14,600, அடித்தது ரூ.71,300. விலக்கில் வாங்கிய 3-ஐயும் சேர்த்தால் அவ்வாண்டு காசு கொடுத்து வாங்கியவை 41. முந்தைய ஆண்டைவிட 44.6 சதவீதம் குறைவு. மொத்த வரவு 171-லிருந்து 78-க்கு வந்தது.

முப்பது நாள் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு தேசிய எண் ஓரளவு விளக்கம் தரலாம். யு.பி.ஐ. வழியான பரிமாற்றங்கள் 2017-18-ல் 92 கோடி. 2023-24-ல் 13,000 கோடிக்கு மேல். ஆறாண்டில் ஏறத்தாழ 140 மடங்கு. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பணமும் இதில் அடக்கம் என்பதால், இத்தனையும் கடைச் செலவு என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் ஆசைக்கும் விலை கொடுப்பதற்கும் நடுவே முன்பு இருந்த தூரம் பெரிதும் குறைந்துவிட்டது. பணம் எடுக்க வங்கிக்குப் போவது, கடைத்தெருவுக்கு நடப்பது, சில்லறை எண்ணுவது ஆகியவை முன்பு அந்தத் தூரமாக இருந்தன. நோட்டின் கடைசிப் பக்கம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

சமையலறைத் தராசு

உணவு பொருள் எண்ணிக்கையில் சேராது. ஆனால் மிகையைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. இந்திய வீடுகளில் வீணாகும் உணவு தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பீடு. உலகச் சராசரி 79 கிலோ. தோல், கொட்டை போன்ற உண்ணாத பகுதிகளும் அதில் சேரும். நாங்கள் சமைத்து மிஞ்சிக் கொட்டியதை மட்டும் 28 நாள் எடை போட்டோம்: 9.8 கிலோ, நாளுக்கு 350 கிராம். ஆண்டுக் கணக்கில் தலைக்கு 32 கிலோ. ‘நம் வீட்டில் சோறு வீணாவதில்லை’ என்று முப்பது ஆண்டாகச் சொல்லிவந்த அம்மா தராசை இரண்டு முறை சரிபார்த்தார்.

மூன்று மாற்றங்கள் செய்தோம். அரிசி 3 டம்ளருக்குப் பதில் 2½. காய் வாங்குவது வாரம் ஒரு முறையிலிருந்து இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பாதி. சனிக்கிழமை இரவு புதுச் சமையல் இல்லை, இருப்பதைத் தீர்ப்பது. அடுத்த 28 நாள் அளவில் கொட்டியது 3.6 கிலோ, 63 சதவீதம் குறைவு. ஆண்டுக்கு 80.8 கிலோ சமைத்த உணவு மிஞ்சாமல் நிற்கிறது. பொருள் செலவும் எரிவாயுவும் சேர்த்துக் கிலோவுக்கு ரூ.60 என்று மதிப்பிட்டால் ரூ.4,848.

மிச்சத்தைப் பாதுகாக்கத்தான் இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருந்தது. மிச்சம் குறைந்ததும் அது காலியாயிற்று. 2023 நவம்பரில் விற்றோம். அதன் பலன் மின்கட்டணப் படிக்கட்டில் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட் ரூ.2.25 வீதம், அதற்கடுத்த 200 யூனிட் ரூ.4.50 வீதம், கடைசி 100 யூனிட் ரூ.6 வீதம். மொத்தம் ரூ.1,725. 500-ஐத் தாண்டினால் ரூ.2.25 விகிதம் மறைந்து 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50 ஆனது, 501 முதல் 600 வரை ரூ.8. ஆகவே 510 யூனிட்டுக்கு ரூ.2,030. கூடுதல் 10 யூனிட்டின் விலை ரூ.305.

2023 கோடையில் எங்கள் இருமாதப் பயன்பாடு 540 யூனிட், ரூ.2,270. 2024 கோடையில் 470 யூனிட், ரூ.1,545. 70 யூனிட் குறைந்ததற்கு ரூ.725 குறைந்தது, யூனிட்டுக்கு ரூ.10.36. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோதும், அவ்வாண்டின் ஆறு பட்டியல்களின் கூட்டுத்தொகை 2023-ஐவிட ரூ.2,610 குறைவு. இதற்கான வழக்கம் ஒன்றுதான்: ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது. எட்டாவது வாரத்தில் 460-ஐத் தொட்டால் இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஒரு வாரம் ஓய்வு.

யாருடைய நிமிடம்

ரூபாயில் எழுத முடியாத ஒரு பத்தி உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இவை 299, 97. ஈடுபடுவோர் விகிதமோ பெண்களில் 81.5 சதவீதம், ஆண்களில் 27.1 சதவீதம். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் துடைக்கிறார், நகர்த்துகிறார், தேடுகிறார். அந்த யாரோ பெரும்பாலும் யார் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பு 2023-ல் 2 மணி 35 நிமிடம். 2025-ல் 1 மணி 40 நிமிடம். வாரம் 55 நிமிடம், ஆண்டுக்கு 47.7 மணி. ஆனால் நோட்டு எழுதுவது, எடை போடுவது, வாரம் இரண்டு முறை காய் வாங்குவது ஆகியவற்றுக்கு வாரம் 40 நிமிடம் கூடிற்று. நிகர மிச்சம் 15 நிமிடம் மட்டுமே. முதலாண்டில் அந்த 40 நிமிடமும் என் மீதும் அம்மா மீதும் விழுந்தது. இரண்டாமாண்டில் காய் வாங்குவது கணவருக்கும், மீட்டரும் நோட்டும் மகளுக்கும் போயின. பொருளைக் குறைத்து வேலையைப் பெண்களிடம் கூட்டிவிடும் எளிமை, கணக்கில் எளிமையாகப் பதிவாகாது.

ஐந்தொகை

இரண்டாமாண்டின் ரூபாய்க் கணக்கு: மின்சாரம் ரூ.2,610. உணவு ரூ.4,848. அடித்துவிட்ட ரூ.71,300-ஐயும் நோட்டு இல்லாவிட்டால் நிச்சயம் வாங்கியிருப்போம் என்று சொல்ல முடியாது. பாதி என்று கொண்டால் ரூ.35,650. கூட்டுத்தொகை ரூ.43,108. தலைக்கு மாதம் ரூ.898. தமிழ்நாட்டு நகர்ப்புறத் தலா மாதச் செலவு 2023-24-ல் ரூ.8,165, அதில் இது 11 சதவீதம். இந்த ரூ.43,108-ல் 82.7 சதவீதம் வாங்காமல் விட்டதிலிருந்து வந்தது. போகிக்குப் போகி வீட்டைக் காலி செய்வதைவிட ஆண்டு முழுவதும் வாசலைக் காப்பது மேல் என்பதற்கு எங்களிடம் உள்ள ஆதாரம் இந்த ஒரு விகிதம்தான்.

இந்தக் கணக்கை எல்லா வீட்டுக்கும் நீட்ட எனக்கு உரிமை இல்லை. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமப்புறத்தின் கடைசி 5 சதவீதத்தினரின் தலா மாதச் செலவு ரூ.1,373, நகர்ப்புறத்தின் மேல் 5 சதவீதத்தினருடையது ரூ.20,824. பதினைந்து மடங்கு. முதல் எண்ணில் வாழ்பவர்களிடம் குறைக்கச் சொல்வது முறையன்று. அவர்கள் வீட்டில் பொருள் கூட வேண்டும். ரூ.71,300-க்கு ஆசைப்பட்டு அடிக்க முடிந்த எங்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வெளிப்படை. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க முடியாத ஏழைகளை முன்வைத்தே அவர் தன் உடையைக் குறைத்தார்.

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்ற ஜே.சி.குமரப்பா, வாழ்வின் கடைசி ஆண்டுகளை எங்கள் மாவட்டத்தின் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். நிலைத்த பொருளியல் பற்றி அவர் சிறையில் எழுதிய நூலின் சாரம், பண மதிப்பு மட்டும் காட்டும் கணக்கு முழுக் கணக்கு அன்று என்பதே. ஒரு தணிக்கையாளர் சொன்னதால் அதற்கு எனக்குக் கூடுதல் எடை. எங்கள் ஐந்தொகையிலும் அப்படி ஒரு பத்தி மிஞ்சியிருக்கிறது.

2025 ஜனவரியில் இருந்த 1,222-ல், இரண்டாண்டும் யாரும் புழங்காதவை 287; 23.5 சதவீதம். அவற்றில் 61 அம்மாவுடையவை. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, 1987 என்று பொறித்த அந்த டம்ளர், ஈயம் தேய்ந்த ஒரு பித்தளைத் தவலை, நீலமை காய்ந்த மூன்று பேனா. அந்த 61-ஐ மகள் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். விலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். கழிக்க வேண்டியவை 226 என்று கீழே கோடு போட்டிருக்கிறாள்.